கேள்விச் செல்வமும் தோட்ட மேடையும்

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் 40, 41ஆம் அதிகாரங்களை அடுத்துக் ‘கேள்வி’ என்பதனை 42ஆம் அதிகாரமாக வைத்தார். நூல் கற்கும் வாய்ப்பினை இழந்தவனும் கற்றார்வாய்க் கேட்டுத் தெளிவு பெறலாம் என்னும் பரிவு அவ்வைப்பு முறையிலே புலனாகிறது. கேள்வி என்னும் சொல்லோ தமிழில் இருபொருள் தருவது. செவியாற் கேட்பது ஒன்று. ஐயம் நீங்க வினவுவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே நிகழும் அவையே மக்களுக்குக் கற்பிக்கும் அவையாகும். முன்னது மட்டும் நிகழுமிடத்துக் கைதட்டல் மிகலாம்; கல்வி மிகுவதில்லை.

மலேசியத் தமிழர் மேடைக்குப் பஞ்சமுடையவர் அல்லர். திருக்கோயில் விழா, பொங்கல் விழா, பள்ளி விழா, நூல் வெளியீடு, பட்டிமன்றம், கருத்தரங்கு என ஆண்டு முழுதும் அவை கூடுகின்றது. அவ்வாறு கூடும் அவை கலைந்து செல்லும்போது எதனைக் கற்றுச் செல்கிறது என்னும் வினா விழாக் குழுவினரிடையே அரிதாகவே எழுகின்றது. பந்தல், ஒலிபெருக்கி, மாலை, சிற்றுண்டி ஆகியவற்றுக்குச் செலுத்தும் கருத்தில் ஒரு கூறேனும் கேட்போரின் கற்றலுக்குச் செலுத்தப்படுகின்றதா? இதற்கு விடை காண நம்மவர் வரலாறே போதிய சான்றுகளைத் தருகின்றது.

பட்டிமண்டபம் காட்டும் நெறி

அறிஞர் கூடி வாதிடும் பட்டிமண்டபத்தைச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் குறிப்பிடுகின்றன. ஆகவே, எதிரெதிர்க் கருத்துகளை ஓர் அவையில் நிறுத்தி உண்மை காணும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. அவ்வழக்கத்துக்குப் புத்துயிர் தந்தது காரைக்குடிக் கம்பன் கழகம். சா. கணேசன் 1939இல் தொடங்கிய அக்கழகத்தின் விழாக்களிலே காப்பிய மாந்தரைப் பற்றிய வழக்காடல் ஆண்டுதோறும் நிகழ்ந்து, பின்னர்த் தமிழுலகெங்கும் பரவிற்று. குன்றக்குடி அடிகளார் போன்ற நடுவர்கள் அதனைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தனர்.

இவ்வமைப்புக் கற்பிக்கும் திறன் பெற்றதற்குக் காரணம் உண்டு. இரு அணியும் தத்தம் கட்சிக்கு நூலினின்று சான்று காட்டல் வேண்டும். கேட்போனோ தன்னையறியாமலே ஒரு கட்சி சார்ந்து, எதிர்க்கட்சியின் சான்றை மறுக்க வழி தேடுகின்றான். நடுவர் தீர்ப்பினைக் கூறுமுன் அவன் உள்ளத்தில் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகின்றது. பின்னர் நடுவர் கூறும் காரணங்களைத் தன் காரணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றான். ஈண்டு வாய் திறவாத கேட்போனும் வினவுபவனாகி விடுகின்றான். கம்பன் கழக விழாக்கள் குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடியும் ஒழுங்கினைப் போற்றியதும் நினைக்கத்தக்கது. கேட்போர் நேரத்தை மதிக்கும் அவைக்கே அவர்தம் கவனம் உரியதாகும். சான்று குறைந்து நகைச்சுவைத் துணுக்குகள் மிகுந்து, தீர்ப்பு முன்னரே யாவரும் அறிந்ததாகிவிட்ட பட்டிமன்றங்களோ பெயரை மட்டும் தாங்கி நிற்கின்றன.

நகைச்சுவை கல்விக்குப் பகை என்று இதனாற் கொள்ளலாகாது. 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ திரைப்படத்தில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய ‘கிந்தனார்’ காலட்சேபம் ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் ஒருவன் கல்வியால் உயர்ந்த கதையைச் சொல்லிற்று. மக்கள் நன்கறிந்த நந்தனார் கதையின் வடிவிலே புதிய கருத்து வார்க்கப்பட்டமையின், கேட்டவர் வடிவத்தைப் புரிந்துகொள்ள உழைக்க வேண்டியதில்லை. கருத்தின் மீதே அவர் மனம் சென்றது. அறிந்ததிலிருந்து அறியாததற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் முறையே கலைவாணர் முறையும் ஆகும்.

பெரட்டுக்களத்து மக்கள்

ஜொகூர் மாநிலத்தில் ஜொகூர் ஆற்றங்கரையில் அமைந்த கோத்தா திங்கி நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொண்டால், தமிழர் அங்குக் குடியேறியது பெரும்பாலும் ரப்பர்த் தோட்டங்களின் வழியாகவே ஆகும். நகரின் ஜாலான் தாஜுல் தமிழ்ப்பள்ளி நீங்கலாக, நாம் ஹெங் தோட்டம், தைத்தாக் தோட்டம், ரெம் தோட்டம் என அவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் தோட்டங்களின் பெயரையே தாங்கி நிற்பது அவ்வரலாற்றின் சுவடாகும்.

கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டுமென விதித்தது. அப்பள்ளிகள் பிள்ளைகளுக்கு உரியவை. முதியோர்க்கோ பள்ளியும் இல்லை, நூலகமும் இல்லை. எழுத்தறிந்த ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பதே அவர்களுக்கு உலகறிவு பெறும் வழியாயிற்று. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நிறுத்தப்படும் வரையிலும், 1935இல் தோன்றிய ‘தமிழ் முரசு’ மலாயாவெங்கும் பரவியிருந்த காலத்திலும் அடைந்த செல்வாக்கினை விற்பனைப் படிகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது.

இம்மக்களுக்கு மேடை அமைப்போர் முதலில் அவர்தம் நாளினை அறிதல் வேண்டும். விடியற்குளிரில்தான் பால்மரம் நன்றாகப் பால் சுரக்கும். ஆதலால் இருள் பிரியுமுன்னரே பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து வேலைக்காடு செல்வது தோட்டத்து வழக்கம். அவ்வாறு உழைத்தவர் முன் இரவு பதினொரு மணி வரை முழங்குவோன் எத்துணைப் புலமை உடையவனாயினும் அவையறியாதவனே. திருக்குறளின் 72ஆம் அதிகாரமாகிய அவையறிதல் சொற்றிறம் கற்பிப்பதோடு நில்லாது, முன்னிருப்போர் யார், அவர் நிலை யாது என்று அறியவும் பணிக்கின்றது. நிகழ்ச்சி வகுத்தலின் முதற்பாடம் அதுவே.

தமிழர் திருநாள் செய்த புதுமை

1950களின் தொடக்கம் மலாயாத் தமிழர்க்கு ஒரு கல்விக் காலம். 1950-51இல் ‘தமிழ் நேசன்’ இதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, வாசகரை எழுதவைத்து, எழுதியதைத் திருத்தித் தரம் கூறிற்று. அச்சு வழியே நடந்ததாயினும் அதன் உள்ளமைப்பு வகுப்பறைக்குரியது. பாடம், பயிற்சி, மதிப்பீடு ஆகிய மூன்றும் அதில் இருந்தன. அதன் பயன் புதிய எழுத்தாளர் தலைமுறையொன்றாக விளைந்தது.

அதே காலத்தில் கோ. சாரங்கபாணி முன்னின்று உருவாக்கிய தமிழர் திருநாள் 1952இல் சிங்கப்பூரில் தொடங்கியது. பொங்கல் நாளைச் சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் ஒன்றுகூடும் நாளாக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். விரைவில் அவ்விழா மலாயாவின் நகரங்களிலும் தோட்டங்களிலும் கொண்டாடப்படலாயிற்று. பேச்சு, கட்டுரை, கவிதை, விளையாட்டுப் போட்டிகள், நாடகங்கள் ஆகியன அதன் உறுப்புகள். ‘தமிழ் முரசு’ வளர்த்த மாணவர் மணிமன்றம் இளையோர்க்கு எழுதவும் பேசவும் களம் அமைத்துத் தந்தது.

தமிழர் திருநாளைக் கற்றல் நோக்கிற் காண்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். விழா ஒரு நாள். ஆயத்தம் பல வாரம். பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்த சிறுவன் தலைப்பைப் பெற்று, ஆசிரியரிடம் வினவி, எழுதி, மனனம் செய்து, மீண்டும் மீண்டும் சொல்லிப் பார்க்கின்றான். அவன் கற்றல் மேடையேறும் முன்னரே பெரும்பகுதி நிறைவேறிவிடுகின்றது. மேடை அக்கற்றலுக்கு இலக்காகவும் தேர்வாகவும் அமைகின்றது. லயத்து மக்களோ தம் பிள்ளை பேசுவதைக் கேட்க வந்தவர்கள். அயலூர்ப் பேச்சாளர்க்குக் கிட்டாத செவி அப்பிள்ளைக்குக் கிட்டுகின்றது. பார்ப்போர், பங்கு கொள்வோர் என்னும் எல்லைக்கோடு அவ்விழாவில் மெலிந்து போயிற்று.

அவ்வெழுச்சி விழாவோடு அடங்கவில்லை. அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டுமென்னும் இயக்கத்தின் தொடர்ச்சியாகத் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. எளிய மக்களும் தத்தம் வெள்ளியை அளித்தனர். 1956இல் அங்கே இந்திய ஆய்வியல் துறை தோன்றியது. 1959இல் அது கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. மேடையிற் கேட்டதைச் செயலாக்கும் வழி கண்முன் இருந்தமையின் கேட்டது வீண் போகவில்லை.

பத்து வெள்ளிப் பாடம்

மேடைக் கல்வி வாழ்வா சாவா என்னும் நிலையில் நடந்தேறிய காலமும் ஒன்று உண்டு. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய உடைமையாளர் பலர் தம் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்தனர். தோட்டம் துண்டாடப்பட்டபோது தொழிலாளி வேலையோடு குடியிருப்பையும் இழந்தான். பிள்ளைகளின் பள்ளியும் நிலைகுலைந்தது. இச்சிக்கலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆராய்ந்து அறிக்கை அளித்தார்.

அந்நிலையில் துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு மே 14இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் பணத்தைத் திரட்டித் தோட்டங்களைத் தாமே வாங்குதல் என்பதே திட்டம். பங்கின் விலை 100 வெள்ளி. அதனை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம். அமைச்சராயிருந்த அவர் தோட்டந்தோறும் நேரிற் சென்று இதனை எடுத்துரைத்தார்.

அக்கூட்டங்களில் கேட்போர் கற்க வேண்டியிருந்தது எளிய பாடமன்று. பங்கு என்பது யாது? கூட்டுறவு என்பது கடனா, சேமிப்பா? தோட்டத்தை வாங்கினால் தொழிலாளி முதலாளி ஆவானா? தந்த பணம் திரும்புமா? அன்றாடக் கூலியில் வாழ்வோன் பத்து வெள்ளியை எடுத்து வைக்குமுன் இவ்வினாக்கள் அனைத்துக்கும் விடை தேறுதல் வேண்டும். பேச்சின் இனிமையால் மயங்கித் தலையசைத்தல் அங்குப் போதாது. கற்றதன் அளவு பங்கேட்டில் எழுதப்பட்டது. 1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. அதன்பின் வேறு தோட்டங்களும் சேர்ந்தன. மலேசியத் தமிழர் மேடை வரலாற்றில் கேட்டல், தெளிதல், செய்தல் ஆகிய மூன்றும் இத்துணை நெருக்கமாகப் பிணைந்த நிகழ்ச்சி வேறொன்று எளிதிற் கிட்டாது.

அறிஞர் அவையும் ஊர் அவையும்

1966ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிற்று. இந்திய ஆய்வியல் துறையில் பேராசிரியராயிருந்த தனிநாயக அடிகள் அதற்கு உயிர்நாடியாக விளங்கினார். ஆய்வுரைகள் வாசிக்கப்பட்டதோடு நில்லாமல் தொகுதிகளாகவும் அச்சேறின. அதனால் அவைக்கு வராதவரும், அவை கூடிய காலத்துப் பிறவாதவரும் இன்று அவற்றைக் கற்க இயலுகின்றது. பின்னர் 1987, 2015, 2023ஆம் ஆண்டுகளிலும் கோலாலம்பூர் அம்மாநாட்டுக்கு இடமாயிற்று. நிகழ்ச்சி முடிந்தபின் கையில் எஞ்சுவது யாது என்னும் வினாவுக்கு 1966ஆம் ஆண்டு மாநாடு தந்த விடை நூல்.

ஊர் மக்களுக்கான விடை வேறு வகையில் அமைந்தது. தமிழ்நாட்டில் 1990களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கம் எழுத்தறிவுக்காகக் கலைக்குழுக்களை ஊர்தோறும் அனுப்பிற்று. பாட்டும் வீதி நாடகமும் மக்களைத் திரட்டின. கூட்டம் கலைந்ததும் குழு ஊரைவிட்டுச் சென்றுவிடும். அதற்குள் அவ்வூர்த் தொண்டர் ஒருவர் மாலை வகுப்புக்குப் பெயர்களைக் குறித்துக்கொள்வார் என்பதே அவ்வியக்கத்தின் நுட்பம். நாடகம் ஆர்வத்தை மூட்டியது. வகுப்பு அதனை எழுத்தாக்கிற்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். கற்ற பெண் தானே வண்டியேறி வெளியே செல்லத் தொடங்கியபோது கல்வியின் பயன் ஊர் முழுதும் காணக்கூடியதாயிற்று. நாடகம் மட்டும் நடந்திருப்பின் ஓர் இரவுப் பொழுதுபோக்காகவே அது முடிந்திருக்கும்.

உளநூலார் கண்ட உண்மை

மேலே கண்ட வரலாற்று உண்மைகளுக்கு ஆராய்ச்சியும் அரணாக நிற்கின்றது. ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, மறதியின் போக்கினை அளந்து 1885இல் வெளியிட்டார். கற்றதில் ஏறத்தாழ மூன்றில் இரு பகுதி ஒரு நாளைக்குள் நழுவிவிடுவதை அவர் கண்டார். பொருளுள்ள செய்தி இவ்வளவு விரைவாக மறவாதெனினும், திரும்ப எண்ணப்படாதது தேயும் என்பது உறுதி. அமெரிக்க உளநூலார் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு மேலும் ஓர் உண்மையைக் காட்டிற்று. பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தோர் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினர். படித்ததை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தோரோ ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முந்தினர். விழா முடிந்த கணத்தில் எழும் ஆரவாரம் கற்றலின் அளவுகோல் ஆகாமைக்கு இதுவே காரணம்.

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் தம் விரிவுரையின் இடையிடையே ஒரு வினாவை எழுப்பி, மாணவர் தனித்தனியே விடை தந்தபின் பக்கத்திலிருப்போருடன் வாதிட்டு மீண்டும் விடை தரச் செய்தார். பெரிய கூடத்தில் ஒருவர் பேசப் பலர் கேட்கும் அமைப்பே இதனால் மாறிற்று. பட்டிமண்டபத்தில் கேட்போன் மனத்துக்குள் நிகழ்ந்த வழக்காடல் இங்கு வெளிப்படையாக நிகழ்கின்றது. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் விரிவுரைகளில் பத்தொன்பது தொடர்களை நிகழ்த்திய மைக்கேல் பாரடே, சொற்பொழிவுக்கு ஒரு மணி நேரமே போதும் என்று கருதினார். எரியும் மெழுகுவத்தி ஒன்றைக் கண்முன் வைத்துக்கொண்டே வேதியியலின் அடிப்படைகளை இளையோர்க்கு விளக்கினார். காட்சியும் கால அளவும் கற்றலுக்கு இன்றியமையாதன என்பதை அவர் செய்துகாட்டினார்.

கோத்தா திங்கியில் ஒரு மாலை

இவற்றைத் தமிழ்ப்பள்ளி விழா ஒன்றுக்குப் பொருத்திப் பார்த்தல் ஆசிரியர்க்குப் பயன் தரும். கோத்தா திங்கியிலே கற்பிக்கத்தக்க வரலாற்றுக்குக் குறைவில்லை. 1511இல் மலாக்கா போர்த்துகீசியர் வசமான பின் ஜொகூர் ஆற்றங்கரையிலேயே ஜொகூர்ப் பேரரசு வளர்ந்தது. 1699இல் சுல்தான் மாமுட் இவ்வூரில் கொல்லப்பட்டார். மலாய் மரபு மெகாட் ஸ்ரீ ராமாவின் பழிவாங்கலாக அதனைச் சொல்கின்றது. சுல்தானின் கல்லறை இன்றும் உள்ளது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஆறு பெருகி ஊரையே மூழ்கடித்தது. ரப்பர்க் காடுகள் செம்பனைக்கு இடம் தந்த மாற்றமோ மாணவரின் பாட்டன் பாட்டியர் கண்கூடாகக் கண்டது.

இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து விழாவுக்கு இரு வாரம் முன்னரே மாணவரிடம் மூன்று வினாக்களை எழுதிக் கொடுத்து வீட்டு முதியோரிடம் விடை பெற்று வரச் செய்யலாம். விழா மாலையில் ஒரு மணி நேரத்துக்குள், பத்து நிமிடக் காட்சி ஒன்றும், இரு மாணவர் அணிகளின் வழக்காடலும், அவையிலிருந்து எழும் வினாக்களுக்கு முதியோர் தரும் விடையும் இடம்பெறலாம். முடிவு கூறுமுன் அவையோர் ஒருவரோடொருவர் கலந்து தம் கருத்தைக் கைதூக்கிக் காட்டலாம். ஒரு வாரம் கழித்து மாணவர் ஏட்டைப் பாராது தாம் கேட்டதைச் சொல்லிப் பார்த்தலும், ஒரு திங்கள் கழித்து எழுதிப் பார்த்தலும் வேண்டும். எழுதியன தொகுக்கப்பட்டுப் பள்ளி நூலகத்தில் சேருமாயின் அடுத்த ஆண்டு மாணவர்க்கு அதுவே பாடநூலாகும். சிறப்பு விருந்தினர்க்கும் இந்நிகழ்ச்சியில் ஒரு பணி உண்டு. மாணவரிடம் ஒரு நல்ல வினாவைக் கேட்பதே அது.

இத்திட்டத்துக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. வேண்டுவது முன்னெண்ணமே. 1957இல் எண்ணூற்றுக்கும் மேற்பட்டிருந்த இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530ஆகக் குறைந்துள்ளன. தோட்டத்து மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். அவர்தம் நினைவுகளை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். தோட்டத்து வரலாற்றின் பெரும்பகுதி ஏட்டில் ஏறாதது. கேள்வி வழியே மட்டும் வந்தது. கேட்கப்படாத வரலாறு அதனை அறிந்தவரோடு மறையும்.

பெரட்டுக்களத்தில் நின்ற தலைமுறை, படிக்க வாய்ப்பின்றியும் பங்கு என்பது யாதென்று கேட்டறிந்து ஒரு தோட்டத்தையே வாங்கிற்று. அவர்தம் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளியும் நூலும் மேடையும் ஒருங்கே வாய்த்துள்ளன. அம்மேடையில் ஒலிபெருக்கியை மாணவன் கையில் தந்து, “உன் ஐயம் யாது?” என்று ஆசிரியர் கேட்கும் நாளில் கேள்வி என்னும் சொல்லின் இரண்டாம் பொருளும் அவையேறும்.